நானே சொல்லிக் கொடுத்த பதில்

ஆவணி 12, வியாழக்கிழமை

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் குமரனுக்கு நாளைக்குக் குடியுரிமைப் பரீட்சை. எல்லாம் அந்த நாட்டுச் சரித்திரம். தமிழில் கேட்டால்தான் மனதில் நிற்கும் என்றான். இங்கே என்னோடு இருக்கும் பேத்தி கேள்வி பதில்களை நோட்டில் எழுதிக் கொடுத்தாள். தினம் சாயங்காலம் போனில் நான்தான் கேட்கிறேன். ஐந்தாவது படித்தவள் இன்ஜினீயருக்குப் பரீட்சை வைக்கிறேன் என்று எங்கள் ஊர் பாகூர் முழுக்கச் சொல்லியாயிற்று. அங்கே பெண்கள் ஓட்டுக்காகப் போராடியதெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி.

இன்றைக்குத்தான் மெதுவாகச் சொன்னான். குடியுரிமை கிடைத்தால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

"அப்போ நீ இந்த ஊரு ஆளு இல்லியாடா?"

"வந்து போவலாம்மா. அதுக்குத் தனியா ஒரு கார்டு தருவாங்க."

"சொந்த வூட்டுக்கு வர்றதுக்குக் கார்டா? இன்னாடா இது! பரீட்சையே வேணாம், வுட்டுடு."

"கிரீன் கார்டு இருந்தாலும் யாரை எப்ப திருப்பி அனுப்புவாங்கன்னே தெரியலம்மா. தெனம் பயந்துகினே வேலைக்குப் போறேன். நீ கேளு."

கேட்டேன். அடிமைகளுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது எந்தப் போர்? தினமும் அதில்தான் தடுமாறுவான். "மறந்துடுச்சு, நீயே சொல்லும்மா" என்றான்.

எனக்குத் தெரியும். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டான். சின்ன வயதில் பயந்தால் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

"உள்நாட்டுப் போர்டா" என்றேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். இனி மறக்க மாட்டான்.