வரிக்குதிரையின் இடது பக்கம்

செப்டம்பர் 1, செவ்வாய்

பாண்டாவை முடித்தேன். கறுப்பைக் குழாயிலிருந்து பிதுக்கி அப்படியே பூசினால் அடுப்புக்கரி மாதிரி செத்துக் கிடக்கிறது. நீலமும் பழுப்பும் கலந்தால்தான் உயிர் வருகிறது. வெள்ளைக்குச் சாயமே வேண்டாம், காகிதத்தைத் தொடாமல் விட்டால் போதும். மிருகக்காட்சிசாலை நாட்காட்டிக்குக் கறுப்பு வெள்ளை மிருகங்கள் பன்னிரண்டு. வரிக்குதிரை மட்டும் பாக்கி.

செப்டம்பர் 3, வியாழன்

நேரில் பார்த்து வரையலாம் என்று போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

வரிக்குதிரை திரும்பியது. இடது தொடையில் உள்ளங்கை அகலப் புண். சீழ். மொய்க்கிற ஈக்கள். அந்த நாற்றம்!

காப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு மாசமா இருக்குங்க. ஆபீஸ்ல சொன்னா, வர்றவங்களுக்கு வலது பக்கத்தைக் காட்டுன்னு சொல்றாங்க."

குமட்டிக்கொண்டு வந்தது. புண்ணைப் பார்த்தா, அந்தப் பேச்சைக் கேட்டா?

வலது பக்கத்தைத்தான் வரைந்து வந்தேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 7, திங்கள்

படத்தைக் கொடுத்தேன். மிருகக்காட்சிசாலை மேலாளருக்கு வாயெல்லாம் பல். "என்னா வெள்ளை மேடம்! சோப்பு போட்டுக் குளிப்பாட்டின மாதிரி!"

நானும் சிரிச்சேனே. சீ! அவங்க மூடி மறைச்சாங்க, நான் அதுக்கு அழகு பண்ணிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

இடது பக்கத்தை வரைந்தேன். ஈரத்தில் வைத்த சிவப்பு வெள்ளை வரிக்குள் கசிந்து ஓடியது. தடுக்கவில்லை. ஓடட்டும்.

அக்கா எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "கருமம், இதை யாருடி வீட்ல மாட்டுவா?"

செப்டம்பர் 12, சனி

அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அழுக்குத் துணியைத் தள்ளுகிற மாதிரி இரண்டு விரலால் தள்ளினார்.

"கறுப்பு வெள்ளைன்னுதானே சொன்னோம்? சிவப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்க வரிக்குதிரைகிட்டேர்ந்து."

"முந்தின படமே போதும், மேடம்."

அதில் ஒரு திருத்தம் இருக்கிறது என்று கேட்டு வாங்கினேன். அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்தேன். நாட்காட்டியும் போயிற்று, பதினோரு படமும் திரும்பி வந்துவிட்டன.

செப்டம்பர் 20, ஞாயிறு

ஓவியர் சங்கக் கண்காட்சி. என் படத்தை எல்லாரும் வேகமாகக் கடந்தார்கள். ஒரு பெண் மட்டும் நின்றார். அரசாங்கக் கால்நடை மருத்துவராம்.

"இது கற்பனையா?"

"இல்லைங்க. இங்க இருக்கிற மிருகக்காட்சிசாலைதான்."

குறித்துக்கொண்டார். காப்பாளரைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

அக்டோபர் 9, வெள்ளி

மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குள் காப்பாளர்.

"இங்க மாத்திட்டாங்களா?"

"யார் வெளிய சொன்னதுன்னு கேட்டாங்க. நான்தான்னேன்."

என்னால்தானே.

அவரே சொன்னார்: "அது ஆஸ்பத்திரில இருக்குங்க. நேத்து ஊசி போட வந்த டாக்டரை எட்டி ஒரு உதை விட்டுச்சாம்!" பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல அவர் முகத்தில் ஒரு பெருமை.

உள்ளே கூண்டு காலி என்று தெரிந்தும் ஒரு டிக்கெட் வாங்கினேன்.