உப்பு அம்பாரத்தின் மேல் ஒன்பது

என் செல்லப் பாப்பாவுக்கு,

முப்பத்தாறு வயதில், சென்னைக் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவளை இன்னும் பாப்பா என்கிறேனே என்று நீ முறைப்பது தெரிகிறது. முறைத்துக்கொள். நம் வீட்டில் கடைசியாகப் பிறந்தவளுக்கு வேறு பெயர் கிடையாது.

மரக்காணத்தில் இப்போது ஆவணி வெயில். உப்புப் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. வானம் முழுக்க அதற்குள் இறங்கிப் படுத்திருக்கிறது. காலை பத்து மணிக்கு வரப்பில் நடந்தால் மேகத்தின் மேல்தான் நடக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. கானலில் தூரத்து ஆளுக்குக் கால் தெரிவதில்லை, உடம்பு மட்டும் மிதந்து வருகிறது. அப்படி யார் வந்தாலும் கையில் உன் பூச்சி வலை இருக்கிறதா என்று பார்க்கிறேன். நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் பார்க்கிறேன்.

வாய்க்கால் கரையில் நம் உகா மரம். கூனிமேட்டுப் பாய்மார்கள் பல் துலக்கக் குச்சி ஒடித்துப்போவார்களே, அதேதான். எனக்கு அது ஒரு மரம், அவ்வளவுதான். உனக்கு அது ஒரு ஊர். அந்த இலையைத் தேடி முட்டை வைக்கும் ரோஸ் நிறப் பட்டாம்பூச்சிக்காக, சிறகின் ஓரத்தில் கருப்புக் கரை போட்டிருக்குமே அதற்காக, லீவு கிடைத்தால் பஸ் ஏறி வந்துவிடுவாய். வீட்டுக்குக்கூட வராமல் நேரே மரத்தடி. ஒரு மணி நேரம் நின்று எண்ணி நோட்டில் எழுதுவாய். நாள், நேரம், வெயில், எண்ணிக்கை, பார்த்தவர். பார்த்தவர் என்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் உன் பெயரையே எழுதுவாய். நீ ஒருத்திதானே வருகிறாய், எதற்கு இந்தப் பந்தா என்று கேட்டிருக்கிறேன்.

"யாரு பாத்தாங்களோ அவங்கதாண்ணா அதுக்குப் பொறுப்பு. உனக்கு உப்பைத் தவிர எதுவும் கண்ணுல படாது, விடு," என்பாய்.

அப்புறம் அந்த மார்கழியில் கடல் உள்ளே வந்தது. குப்பங்களில் அழுகை ஓயாத நாட்கள். நம் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன். நீ இலையெல்லாம் கருகி நின்ற அந்த மரத்தடிக்குப் போய் நோட்டை விரித்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"மனுசங்களே போய்ட்டாங்க, நீ பூச்சி தேடிக்கினு இருக்கியா?"

"தேடலண்ணா. இல்லைன்னு எழுதறேன். இல்லைன்னாலும் ஒருத்தர் எழுதணும்ல."

மாதா மாதம் வந்து பூஜ்யம் எழுதினாய். சித்திரை முடிகிற சமயத்தில் மரம் துளிர்த்தபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஒண்ணே ஒண்ணு வந்தா போதும்ணா, மத்தது பின்னாடியே வந்துடும். மரத்துல மட்டும் யாரும் கை வெக்காம பாத்துக்க." உன் மரத்தை யார் தொடப்போகிறார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆடியில் உனக்குக் காய்ச்சல். நாலு நாள். அவ்வளவுதான். உன் அறையிலிருந்து வந்த பெட்டியில் நோட்டு இருந்தது. கடைசி வரியும் பூஜ்யம்தான்.

இனி சொல்லப்போவதை ஏறக்குறைய ஒரு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

புரட்டாசிக் கடைசியில் மழைக்கு முன்னால், குவித்து வைத்த உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடுவோம் இல்லையா. கடல்காற்று ஓலையைத் தூக்காமல் இருக்க, மேலே பச்சைக் கிளைகளை வெட்டிப் பாரமாகப் போடுவது வழக்கம். கிட்டத்தில் எது நிற்கிறதோ அதிலிருந்து வெட்டுவோம். வெட்டச் சொன்னேன், பாப்பா. நான்தான் சொன்னேன். வேலை முடிந்து வாய்க்காலில் கை கழுவிவிட்டு நிமிர்ந்தால், எதிரே உன் மரம் மொட்டையாக நிற்கிறது. அப்போதுதான் உனக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. கைநீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மழை விட்ட ஒரு காலையில், நம்மிடம் உப்பு வாரும் அஞ்சலை கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். உங்க தங்கச்சி பூச்சி மாதிரியே இருக்குது."

அம்பாரத்தின் மேல், இலை பழுத்துச் சுருண்ட கிளைகளில், ஈரச் சிறகைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தன. ரோஸ் நிறம், கருப்புக் கரை. பக்கத்தில் குச்சியோடு ஒட்டியபடி காலிக் கூடுகள். நீ எதற்குக் காத்திருந்தாயோ அது வந்திருந்தது. நான் பார்க்காமல் வெட்டியிருக்கிறேன். ஓலை விலகிய இடத்தில் உப்பு வெள்ளையாகத் தெரிந்தது. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகச் சிறகை விரித்து, வாய்க்காலைத் தாண்டி எங்கேயோ போயின. எண்ணினேன். ஒன்பது.

"பாவம் உங்க தங்கச்சி, பாக்காமலே போய்டுச்சு," என்றாள் அஞ்சலை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒன்பது என்று நோட்டில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இலையோடு காய்ந்துபோன புழுக்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வெட்டாமல் விட்டிருந்தால் எத்தனை வந்திருக்கும்? உனக்குத் தெரிந்திருக்கும். கேட்க நீ இல்லை.

மரம் மறுபடி தழைத்துவிட்டது. இன்று காலை மரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றேன். பித்துப் பிடித்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பத்தரை மணிக்கு நாலு வந்தன, பாப்பா. எனக்குக் கண்ணில் படுகிறது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். போன வருஷத்து ஒன்பதை எழுதி, பக்கத்திலேயே கிளையை வெட்டியது நான் என்றும் எழுதினேன். அதற்குக் கீழே இன்றைய நாலு. இந்த வருஷம் ஓலைக்குப் பாரமாக மணல் மூட்டைதான். ஞாயிறுதோறும் மரத்தடியில் நிற்பேன், பூஜ்யமானாலும் எழுதுவேன்.

பார்த்தவர்:
உன் அண்ணன்