எந்தத் துடுப்பு?

அப்பா,

ஞாயிற்றுக்கிழமை கேன்டீனுக்கு லீவு போடுங்கள். இதை மட்டும் உங்களிடம் கேட்கவே கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் போகாவிட்டால் அங்கே அடுப்பே எரியாதாம். எரியாமல் போகட்டும்.

நேற்று துடுப்பு வாங்கணும் என்றதும் உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. "அண்டாவுக்கா, சின்னச் சட்டிக்காம்மா?" என்று கேட்டீர்கள். "டிகிரி முடிச்சிட்டும் கிண்டத்தான் செய்யணுமா?" என்று கத்தினேன். நான் சொன்னது சமையலில் கிண்டுகிற துடுப்பு இல்லை, கயாக் படகுத் துடுப்பு அப்பா! இரண்டு முனையிலும் அகலமாக இருக்கும்.

எந்தப் படகு என்று கடைக்காரர் வேறு குழப்புகிறார். உள்ளே உட்காருவதா, மேலே உட்காருவதா? நீளமானதா, அகலமானதா? புதிதாக ஓட்டுபவர்களுக்கு அகலமானது சட்டென்று கவிழாதாம். அதுவரைக்கும் புரிந்தது. "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்றாரே, அங்கேதான் முழித்தேன். இருந்த கோபத்துக்கு ஒருத்தருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி உங்கள் ஷூவுக்குள்.

பி.கு.: பின்சீட் உங்களுக்கு. அண்டா கிண்டிய கைதானே.

இன்னொன்று: நீலச் சட்டையைத் தேடாதீர்கள். உங்கள் லைஃப் ஜாக்கெட்டுக்கு அளவு காட்ட எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.