மூன்று காரும் உன் அம்மாவின் முதுகும்

வேப்பனப்பள்ளி
21.6.2009

அன்பு மகள் பிரவீனாவுக்கு உன் அப்பன் ஆஞ்சப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சினையாக இருக்கிற செவலைப் பசுவும் மூன்று வேளையும் தின்றுகொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளை ஆனந்தும் குழந்தையும் வற்றல் ஆகிவிடாமல் நம்ம முனியப்பன் பார்த்துக்கொள்ளட்டும். போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ போன் செய்து, கார் எடுத்தாச்சா, என்ன கலர், அப்பாவைக் கூப்பிடு என்று கேட்டபோது அப்பா மாந்தோப்புக்குப் போயிட்டாரு என்று உன் அம்மா சொன்னாள் அல்லவா, அது பச்சைப் பொய். நான் அவள் எதிரிலேயே கட்டிலில் உட்கார்ந்து, சொல்லாதே சொல்லாதே என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்க்குக் கூலியாக ஒரு வாரமாக என்னைத் தோசை ஊற்ற வைக்கிறாள். போனில் சொல்லலாம் என்றால் நான் ஒரு பேச்சு பேசுவதற்குள் அவள் நாலு பேச்சு திருத்துவாள், அதனால்தான் அஞ்சாங்கிளாஸ் படித்த கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருந்தாலும் மாப்பிள்ளையிடம் காட்டாமல் நீயே படித்துக்கொள். சேதி இதுதான் பாப்பா, நீ எடுக்கச் சொன்ன கார் இப்போது நம் வாசலில் இல்லை, வேறு ஒன்று நிற்கிறது. திட்டுவதை முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

உன் அம்மாவுக்கு இடுப்பில் டிஸ்க்கு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்று ஓசூர் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். மூன்று மாதம் குலுங்காமல் வைத்துக்கொண்டால் தானாகவே சரியாகலாம், இல்லாவிட்டால் கத்திதான் என்றார். உன் அம்மா பாம்புக்குப் பயந்தவள் இல்லை, என்னைப் பெற்ற மகராசிக்கே பயந்தவள் இல்லை, ஆபரேஷன் என்றதும் ஆஸ்பத்திரிப் படியிலேயே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, ஒரு பொத்தான் போயிற்று. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஓசூர் போய்க் காட்ட வேண்டும், இனிமேல் என் டிவிஎஸ் வண்டியும் ஆகாது, பஸ்ஸும் ஆகாது. அதற்குத்தான் நீ பணம் அனுப்பி இந்தக் கார்தான் எடுக்க வேண்டும், அதிலும் போன வருஷம் வந்த புது உருவம்தான் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு போனிலும் சொன்னாய். அந்தப் பேர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. ஆனால் அதே பேரில் முன்னால் இரண்டு உருவம் வந்திருக்கிறது, இது மூன்றாவது தலைமுறை என்று என் தங்கச்சி மகன் மெக்கானிக் கங்கப்பன் சொன்னதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவனுக்குத் தாய், பாட்டி, பூட்டி வரைக்கும் பார்த்து விலை பேசத் தெரியாதா என்ன.

முதலில் ஓசூரில் புது வண்டி விற்கிற கண்ணாடிக் கடைக்குப் போனோம். வாசலிலேயே ஜூஸ் கொடுத்தார்கள், உன் அம்மா இரண்டாவது கிளாசும் கேட்டு வாங்கினாள். டை கட்டின மேனேஜர் ஒருவர் வந்தார். விலை பேசலாம் என்று நான் வழக்கம்போல் தோள் துண்டை எடுத்துக் கையை மூடி அவரிடம் நீட்டினேன், சந்தையில் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தானே பேசுவோம். அவர் என் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "சார், கையில அடிபட்டிருக்குதா, மருந்துப் பெட்டி எடுத்தாரச் சொல்லவா" என்றார். கங்கப்பன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். விலை குறைக்க மாட்டார்களாம், அது போகட்டும், வண்டி வருவதற்கே மூன்று மாதம் ஆகுமாம். மூன்று மாதத்தில் உன் அம்மா முதுகே ஒரு முடிவுக்கு வந்துவிடும் என்று எழுந்து வந்துவிட்டோம்.

அங்கிருந்து பாகலூர் ரோட்டில் சுரேந்தர் என்று ஒருத்தன் பழைய கார் வாங்கி விற்கிற இடத்துக்குப் போனோம். எல்லாம் கர்நாடகா நம்பர் வண்டி. எதைக் காட்டினாலும், "அண்ணா, இது சிங்கிள் ஓனர், பெங்களூர் டாக்டர் ஓட்டுனது" என்றான். அவன் கணக்குப்படி அந்த ஊரில் அத்தனை டாக்டர் இருந்தால் ஒருத்தனுக்கும் சளிகூடப் பிடிக்கக் கூடாது. நல்ல வேளையாக அவனிடமே அந்தக் காரில் மூன்று உருவமும் இருந்தது. பத்து வருஷத்துப் பழசு ஒன்று, பெட்டி மாதிரி நேராக, நம்ம ஆலம்பாடி நாட்டு மாடு போல வெயிலில் வெளுத்து, எலும்பு மட்டும் கெட்டியாக நின்றது. அஞ்சு வருஷத்து நடு உருவம் ஒன்று, கலப்பு மாடு மாதிரி, இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல். ஒரு வருஷமே ஓடின புதுசு ஒன்று, குளிப்பாட்டி எண்ணெய் தடவின ஜெர்சிப் பசு மாதிரி பளபளவென்று. நடு உருவத்தின் டிக்கி மேல் சின்னதாக ஒரு நசுங்கல் இருந்தது. மாட்டுக்கு வால் அடியில் அந்த இடத்தில் சுழி இருந்தால் துடைப்பச் சுழி என்போம், வாங்கினவன் வீட்டையே பெருக்கிவிடும் என்று யாரும் தொட மாட்டோம். அதைச் சொன்னேன், சுரேந்தர் சிரித்தான். கங்கப்பன் சிரிக்காமல் டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கிக் காட்டினான், உள்ளே தகட்டை வெட்டி ஒட்டின வெல்டிங் தழும்பு. பின்னால் எவனோ நன்றாகவே இடித்திருக்கிறான். மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது, பிரேக் மிதிக்கிற ரப்பரோ மொழுமொழு என்று தேய்ந்து கிடக்கிறது. "மாமா, மீட்டரத் திருப்பிடுவானுங்க, ரப்பரத் திருப்ப முடியாது" என்றான். பல்லை ராவி மாட்டுக்கு வயசு குறைக்கிறவனை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன், ஆக நடுசு கழிந்தது. மிச்சம் பழசும் புதுசும்.

இங்கேதான் பாப்பா நான் கவிழ்ந்தேன். வாங்குகிற பொருளை விற்கிறவன் காது கேட்கப் புகழக் கூடாது, குறைதான் சொல்ல வேண்டும், இது சந்தைச் சட்டம். உன் அம்மா இதில் எனக்கே வாத்தியார். கிருஷ்ணகிரியில் புடவைக் கடைக்குப் போனால் மனசுக்குப் பிடித்த புடவையைத்தான் இரண்டு விரலால் தூக்கி, சாயம் போற சீலை மாதிரி இருக்குது என்பாள், நான் சத்தம் போடாமல் அதற்கே பில் போடச் சொல்லுவேன், இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தரம்கூடத் தப்பியதில்லை. அன்றைக்குப் பழைய காரில் ஏறி உட்கார்ந்தாள், எழுந்தாள், "பரவால்ல" என்றாள். பரவால்ல என்றால் அவள் பாஷையில் வேண்டாம் என்று அர்த்தம். பிறகு புதுசில் உட்கார்ந்தாள். சீட்டு தாழ்வு, கூரை சரிவு, தலையைக் குனிந்து காலை இழுத்துத்தான் ஏற வேண்டும். உட்கார்ந்ததுமே, "அய்யோ, குழியில உக்காந்த மாதிரி இருக்குது, இடுப்பு புடிச்சிக்குது, இது வேணாங்க" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். அடேயப்பா, நீ கேட்ட அதே வண்டி அவளுக்கும் பிடித்துவிட்டது என்று சுரேந்தருக்குத் தெரியாமல் கண்ணடித்தேன். "கண்ண என்னா சிமிட்டறீங்க, கையக் குடுங்க, எந்திரிக்க முடியல" என்றாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இத்தனை திறமையை அடுப்படியில் வைத்து வீணாக்கிவிட்டோமே என்று நினைத்தேன். அந்தக் கண்ணீரையே காட்டிக் காட்டி விலையைக் குறைத்தேன். சுரேந்தருக்கே மனசு கேட்காமல், "அக்காவுக்கு வேணாம்னா உட்ருங்கண்ணா" என்றான். அது உனக்குப் புரியாது தம்பி என்றேன். யாருக்குப் புரியவில்லை என்று இப்போது நீயே சொல்லு.

வாங்கின புதுசை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன், மாடு ஏற்றின டெம்போ ஓட்டின கைதானே. சூளகிரி தாண்டியதும் உன் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள், மனசு நிறைந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் வழியெல்லாம் ஜெர்சியின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தேன். ரோட்டு மேட்டில் எல்லாம் காரின் வயிறு உரசியது, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டு வாசலில் கதவைத் திறந்தால் அவளால் இறங்க முடியவில்லை. நானும் பக்கத்து வீட்டுச் சென்னம்மாவும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து வெளியே எடுத்தோம். நிமிரவே முடியாமல் வளைந்து நின்றபடி, "நான் நெசமாத்தான சொன்னன்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று நாள் படுக்கை, வெந்நீர்ப் பை, தைலம். கங்கப்பன் டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, இன்னொரு தரம் இப்படிப் பிடித்தால் ஸ்கேன் எடுத்துவிட்டு நேராக ஆபரேஷன் தேதிதான் குறிக்க வேண்டும் என்றாராம். அதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள், என் மூஞ்சி அப்படி. அந்த வாரத்தில்தான் நீ போன் செய்தாய், எந்த வாயால் உன்னிடம் பேசுவது.

நீ போன் செய்த மறுநாள் சுரேந்தரிடம் போய் சாவியை மேசை மேல் வைத்தேன். உதைக்கிற மாட்டைக் கயிற்றோடு திருப்பிக் கொண்டுவந்தால் சந்தையில் வாங்கிக்கொள்வோம், அதுதான் முறை என்றேன். "அண்ணா, இது மாடு இல்ல, காரு" என்றான். நடந்ததை முழுக்கச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன், "அன்னிக்கே சொன்னனே" என்று தலையில் கையை வைத்துக்கொண்டான். பழசை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன், அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும் என்றான். செவ்வாய்க்கிழமை வந்தான். நான் வாசலில் வைத்தே ஆரம்பித்தேன், பெயிண்ட் வெளுத்துப்போச்சு, ஏசி முனகுது, பின் ஜன்னல் பாதியில் நிக்குது என்று. இந்தத் தடவை துண்டைப் போட்டதும் அவனே கையைக் கொடுத்தான், இரண்டு விரலைப் பிடித்து ஒரு விரலை மடக்கிக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. காரின் பின் கதவைத் திறந்து நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தாள், காலை உள்ளே வைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். பாதியில் நிற்கிற ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சுரேந்தர் காதிலும் சென்னம்மா காதிலும் விழுகிற மாதிரி, "இது நல்லா இருக்குது, எனக்கு இதுதான் வேணும், நான் எறங்க மாட்டன்" என்றாள். அவள் ஒரு பொருளை விற்கிறவன் முன்னால் நல்லா இருக்குது என்று சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்கிறேன். என் பிடி தானாக விட்டுப்போயிற்று. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நீ சொன்ன விலையே இருக்கட்டும்ப்பா என்றேன். புதுசைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவன் மிச்சம் கொடுத்ததில் நீ அனுப்பிய பணத்தில் ஒரு பங்கு சுரேந்தர் வீட்டு அடுப்புக்குப் போனது, மேற்கொண்டு ஒரு கூடை மாம்பழமும் ஏற்றிக்கொண்டு போனான். அதற்கு நீ என்ன திட்டினாலும் எனக்குத்தான், அவளுக்கு இல்லை.

நேற்று முன்தினம் அதே காரில் ஓசூர் போய் வந்தோம். டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள், போன தடவையைவிட ஒரு சாண் கூட. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், இன்னும் ஒரு மாதம் இப்படியே போகட்டும் என்றார். திரும்பி வருகையில் குருபரப்பள்ளி கிட்டே, "முதுகு லேசா வலிக்குதுங்க" என்றாள். நான் பதறி ஓரம் கட்டி இறங்கி ஓடிப் பின் கதவைத் திறந்து, நெசமாவா சரசு, எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வலியெல்லாம் இல்ல, அந்தக் கடையில டீ நல்லா இருக்கும்" என்றாள். வாங்கிக் கொடுத்தேன், இரண்டு மசால் வடையும் சேர்த்து. இனிமேல் இப்படி ஊருக்கு ஊர் டீ குடித்தே என்னை ஒழித்துவிடுவாள், நானும் ஒவ்வொரு தரமும் நிறுத்தத்தான் போகிறேன்.

குழந்தைக்கு ஏசியை நேராக முகத்தில் விடாதே, நைட் டூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே, மாப்பிள்ளை சமைத்தது நன்றாக இல்லாவிட்டாலும் பொய்யாக நாலு வார்த்தை புகழ்ந்து வை. நீ நீண்ட ஆயுசோடும் நல்ல இடுப்போடும் நூறு வருஷம் நிமிர்ந்து நடக்க உன் அம்மாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம். ஒன்று மறக்காதே, வரும்போது முதுகுக்கு வைத்து உட்காருகிற மெத்தை ஒன்று அங்கே நல்லதாகக் கிடைக்குமாம், வாங்கிக்கொண்டு வா. அளவு உனக்கே தெரியும், நான் எழுதினால் உன் அம்மா படித்துவிட்டு அடிப்பாள்.

இப்படிக்கு,
தோசைக் கல்லோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் உன் அப்பன்
வே. ஆஞ்சப்பன்