சைரன் அடித்தால் அப்பாவைக் கூப்பிடாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான்.

மேட்டுமேல் ரேடார் நன்றாகச் சுற்றுகிறது. அது இருப்பது ரகசியம் என்பதால் வாசலில் வானிலை ஆய்வு நிலையம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், பஸ் கண்டக்டர் மட்டும் ரேடார்லாம் எறங்கு என்று கத்துகிறார். ஏவுகணை வந்தால் ரேடார் பார்த்துச் சொல்லும், சைரன் அடிக்கும், பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால் நிற்கிற வண்டிகள் எதிர் ஏவுகணை விட்டு அதை வானத்திலேயே உடைக்கும். சைரன் அடித்ததும் ஊர்க் கரண்டை விட்டு ஜெனரேட்டருக்கு மாற்றுவது அப்பா வேலை. ரேடார் புது மாப்பிள்ளை மாதிரி என்பார். குளுகுளு அறை வேண்டும், கரண்ட் ஒரு நொடி தவறினாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை அப்பாவின் பேண்ட் கால்பக்கம் பொசுங்கியிருந்தது. கேட்டால் இஸ்திரிக்காரர் வேலை என்றார். நான் போய் இஸ்திரிக்காரரை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டேன். மறுநாள் காய்கறிக் கடையில் ரேடார் கேட் காவலர் என்னைப் பார்த்து, அக்கா, சைரன் அடிச்சா எல்லாரும் உள்ள ஓடுவாங்க, உங்க வீட்டுக்காரர் மட்டும் வெளிய ஓடுறார், கொஞ்சம் சொல்லி வைங்க என்றார்.

உனக்குப் புரிய வேண்டும் என்றுதான் காவலர் சொன்னதை விவரமாக எழுதுகிறேன். ஜெனரேட்டர் அறைச் சுவர் இரண்டு முழக் கனம், உள்ளே சிக்னல் கிடைக்காது. இங்கே சைரன் அடித்தால் அங்கே உன் போனிலும் எச்சரிக்கை வருகிறது, மூன்றாவது நிமிஷம் நீ அப்பாவைக் கூப்பிடுகிறாய். முதல் தடவை லைன் கிடைக்காமல் நீ வேலை செய்கிற இடத்தில் மயங்கி விழுந்தாயே, அன்றிலிருந்து அவர் ஜெனரேட்டரை ஓடவிட்டதும் வெளியே வந்து, டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் நின்று உன் போனுக்குக் காத்திருக்கிறார். உள்ளதான் இருக்கேன்மா, டீ குடிக்கிறேன் என்று உன்னிடம் சொல்வதெல்லாம் அங்கே நின்றுதான். என்னப்பா சத்தம் என்று நீ கேட்டாயாம், தகரக் கதவு காத்துல அடிக்குது என்றாராம். அது கதவு இல்லை. செவ்வாய்க்கிழமை மேலே ஏவுகணை உடைந்ததில் கரண்டி நீள இரும்பு ஒன்று கொதிக்கக் கொதிக்க அவர் காலடியில் விழுந்தது. காவலர் அதை இப்போது காகிதம் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்திருக்கிறார்.

உன்மேல் குற்றமில்லை, அழாதே. நான் சொன்னேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். உன் ஆபீசில் புதுச் சட்டம், போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள், இனி வேலை முடிந்துதான் பேச முடியும் என்று சொல்லிவிடு. இந்த வீட்டில் பொய் சொல்ல யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ கூப்பிட மாட்டாய் என்று தெரிந்தால் அவர் உள்ளேயே இருப்பார். நான் நாளை இஸ்திரிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் அதே நாலு பேர் முன்னால்.

எல்லா நலமும் பெற்றுத் தீர்க்காயுசாக இரு. வெந்நீரில் குளி, தலையை ஈரமாக விடாதே. சைரன் ஓயும்வரை அந்தப் பத்து நிமிஷம் கூப்பிடாமல் எப்படி இருப்பது என்று கேட்பாய். எனக்கும் தெரியவில்லையடி. மாடிப்படிக்கு அடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அவரைக் கூப்பிடாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா