நீ சாப்பிட்ட என் மிச்சம்

அக்கா,

இன்று காலை, உன் வீட்டு மாடியில் என் அறைக்கு ஏறும் படியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. மாமா வைத்துவிட்டுப் போயிருக்கிறார், குரல் கொடுக்கவில்லை. பிரித்தால் உன் மிக்ஸியின் சின்ன ஜார். பரணைச் சுத்தம் செய்திருப்பார் போலிருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ரப்பர் வளையத்தில் சீரகமும் பாசிப்பருப்பும் கலந்த வாசம் இன்னும் போகவில்லை. ஐந்து வருசத்துக்கு முன்னால் உடம்பு குறைவதற்காக நான் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தபோது, எனக்கென்று நீ தனியாக ஒதுக்கிய ஜார். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கியபோது நீயும் பக்கத்தில் இருந்தாய். நான் அப்போது நூற்றுப் பதினெட்டு கிலோ. முழங்கால் போய், மில்லில் நாற்காலியை விட்டு எழவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. வயிற்றில் முக்கால்வாசியை எடுத்துவிடுவோம், மிச்சம் ஒரு வாழைக்காய் அளவுக்குக் குழாய் மாதிரி இருக்கும் என்றார் டாக்டர். நீ உன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். திண்டுக்கல் பஸ் கொடைரோடு தாண்டியதும் மெதுவாகக் கேட்டாய், "வாழக்காய்க்குள்ள எம்புட்டுடி சோறு எறங்கும்?"

ஒன்றுமே இறங்கவில்லை என்பது உனக்குத்தான் முதலில் தெரிந்தது. தெளிந்த பருப்புத் தண்ணீர் அரை டம்ளரைக் குடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். நீ எதிரில் உட்கார்ந்து ஸ்பூனை எண்ணுவாய். அப்புறம் கரைத்த இட்லி, அப்புறம் மசித்த முட்டை. ஒரு ஸ்பூன் கூடிப்போனால் அப்படியே வெளியே வரும், நீ என் நெற்றியைத் தாங்கிக்கொள்வாய். தாடிக்கொம்பில் புதுமனை புகுவிழாவுக்குப் போன இடத்தில் அந்த வயிற்றுக்கு இனிப்பு ஆகாது என்பதை மறந்து, ஆசைப்பட்டு ஒரு ஜாங்கிரியைத் தின்றுவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சு படபடவென்று அடிக்க நான் பாயில் சாய்ந்ததும், பரிமாறியவரை நீ திட்டிய திட்டு இருக்கிறதே, அந்த வீட்டாருக்கு இன்னும் நம்மோடு பேச்சுவார்த்தை இல்லை. நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நான் எழும்புமுன்னே சீப்பைச் சுத்தம் செய்து வைத்துவிடுவாய். ஒரு வருசத்தில் ஐந்து வாய்ச் சோறு என்று வயிறு ஒரு கணக்குக்கு வந்தது.

அந்த ஐந்து வாயில்தான் ஆரம்பித்தது எல்லாம். ஐந்து வாய்ச் சோற்றை மட்டும் தட்டில் வைக்க உனக்குக் கை வரவில்லை. "கோழிக்குப் போட்ட மாதிரி இருக்குடி, பாக்கவே வயிறெரியுது" என்று முழுத் தட்டாகத்தான் வைப்பாய். நான் ஐந்து வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்துவேன். அதை நீ கீழே கொட்டவும் மாட்டாய். குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த காட்டில் வளர்ந்தவர்கள் நாம். மழை பொய்த்த வருசம் அம்மா நமக்குப் பாதிப் பாதியாகப் பங்கு வைத்ததை நான் சின்னவள், மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. உன் சாப்பாட்டை முடித்துவிட்டு என் தட்டை இழுத்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து வழித்துச் சாப்பிடுவாய். எச்சில் என்று நான் தடுத்தால், "ஒந்தட்டுல எனக்கு என்னடி எச்சி? ஒன் மிச்சத்துக்கு நாந்தான் வாரிசு" என்று சிரிப்பாய். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டும் மாமா வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். பார்க்க ஆளில்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீ ரெண்டு சாப்பாடு சாப்பிட்டாய்.

எனக்குப் பசி திரும்பி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருசம் இருக்கும். மில்லில் மத்தியானச் சங்கு ஊதுவதற்கு முன்னால் வயிறு குடைந்தது. பசிதானா என்றே எனக்குச் சந்தேகம், அப்படி மறந்துபோயிருந்தேன். மறு மாதம் மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனோம். நீ கீழே மருந்துக்கு வரிசையில் நின்றாய். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், இது இயற்கைதான், வயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கொடுக்கும், முன்னைவிடக் கூடுதலாகச் சாப்பிட முடியும், பயப்பட வேண்டாம், தட்டை மட்டும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள் என்று. மருந்துப் பையோடு நீ மேலே வந்து என்ன சொன்னார் என்று கேட்டாய். "எல்லாம் அப்படியேதான் இருக்காம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். பதில் அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பத்து வயசிலிருந்து எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் "இவளுக்கு ரெண்டு எலையாப் போடுங்கப்பா" என்று எவனாவது ஒருத்தன் சொல்வான், பந்தியே சிரிக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாக நான் இலையில் மிச்சம் வைத்தேன். ஐயோ பாவம், குருவி கொறிக்கிற மாதிரி கொறிக்கிறாளே என்றார்கள். அந்தச் சொல்லுக்கு நான் அடிமையாகிவிட்டேன் அக்கா. பழையபடி தின்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நீகூட.

வெட்கம் கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். மில் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு புரோட்டாக் கடையில் மூலை பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்காருவேன். முதலில் பாதி புரோட்டா. அந்த வருசக் கடைசியில் ஒன்று. மூணாவது வருசம் ரெண்டு, சால்னாவோடு. வாயைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால் நீ எனக்காகச் சாப்பிடாமல் காத்திருப்பாய். ஐந்து வாய் தின்று தட்டை நகர்த்துவேன். பசியே இல்லாத நாளானால் மூணு வாய். உனக்குக் கவலை வந்துவிடும், மறுநாள் இன்னும் நெய் ஊற்றுவாய். அதையும் நகர்த்துவேன். நீ அதையும் வழித்துச் சாப்பிடுவாய். என் கண் முன்னால் நீ பெருத்தாய். மாடிக்குத் துணி காயப்போட ஏறும்போது நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினாய். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு. சாப்பிட்டு முடித்து, கை காய உட்கார்ந்திருந்தாய். சுற்றி வளைக்காமல் கேட்டாய்.

"ஏண்டி, நானும் அந்த ஆபரேசன் செஞ்சுக்கிருவமா? படி ஏற முடியலடி. பயமாத்தான் இருக்கு, நீ கூட இருந்தா செஞ்சுக்கிருவேன்."

உன்னை அந்த டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தால், வயிறு இளகும் என்பதை அவர் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவார். அதுதான் அக்கா என் மனசில் ஓடியது. நீ படியில் நின்று மூச்சு வாங்கியது ஓடவில்லை.

"ஒனக்கு எதுக்குக்கா அந்தப் பாடு. மூணு வருசமாச்சு, எனக்கு இன்னும் அஞ்சு வாய்க்கு மேல எறங்கல. நீ தாங்க மாட்ட" என்றேன்.

நீ என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாய். எனக்காக உச்சுக் கொட்டினாய். அப்புறம் ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை.

அதற்குப் பின் ஒரு வருசம்கூட நீ இல்லை. நான் மில்லில் இருந்தேன், மாமா பாலக்காட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். இருதயம் நின்றுவிட்டது, சர்க்கரை ரொம்ப நாளாக இருந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என் தட்டுச் சோறுதான் உன்னைக் கொண்டுபோனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கேட்டாலும் அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு உனக்குப் பிடித்ததைச் சமைக்க வேண்டும் என்று மாமா எல்லாரையும் கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. கரூரில் கட்டிக்கொடுத்த உன் மகள், அம்மா எல்லாம்தான் சாப்பிடும் என்றாள். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் எதிரில் உட்கார்ந்து நாலு வருசம் சாப்பிட்டவள் நான். எனக்கும் தெரியவில்லை அக்கா. கிடைத்ததை நீ சாப்பிட்டாய், அதில் பாதி என் தட்டில் கிடந்தது. பொதுவாக எல்லாருக்கும் வைப்பதை வைத்துப் படைத்தோம்.

கும்பிட்டு முடித்ததும் மாமா அந்த இலையை என் முன்னால் நகர்த்தினார்.

"நீ ஒடம்பெறந்தவ, நீ எடுத்துக்க தாயி. ரெண்டு வாய் போதும், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவருக்கும் சர்க்கரை. கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் நகர்த்துவதற்காகக் காத்திருந்தார். அங்கேதான் எனக்குள் ஏதோ உடைந்தது.

"மிச்சம் இருக்காது மாமா" என்றேன். "எனக்கு எல்லாம் எறங்குது. ரெண்டு வருசத்துக்கு மேலாச்சு."

"அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்று தலையாட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். எல்லாரும் பார்க்க நான் அந்த இலையை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். வயிறு ஒரு முணுமுணுப்பும் காட்டாமல் வாங்கிக்கொண்டது.

எட்டு மாதமாகிறது. மாமா என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? இப்போது சின்னத் தட்டில் வேண்டியதை மட்டும் போட்டு முடிக்கிறேன். எவ்வளவு சாப்பிட முடிகிறது என்று யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறேன். மில்லில் ஒரு பெண் இந்த ஆபரேஷனுக்குப் போகிறாள் என்றால் அவள் வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறது. உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் என் வாயிலேயே கிடக்கிறது. ரெண்டு தோசை எறங்குதுக்கா. ஒரு கரண்டிச் சோறு எறங்குது. என் தட்டத் தொடாத. எந்திரி, மதுரைக்குப் போவோம், நான் கூட வாரேன்.