மூடிய சன்னலுக்காக வரைந்த மதினிக்கு

என் மதினிக்கு,

பவி வீட்டை விட்டுப் போயிருக்கிறாள். படிக்கத்தான். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகிற வழியில் இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்தது. தங்கியிருப்பது அங்குள்ள பெண்கள் விடுதியில். நீங்கள் வரைந்த விடுதி.

கேட்டதும் உங்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். என் முகம் அப்படி இல்லை மதினி. அவளுக்கு இடம் கிடைத்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. அந்தக் கட்டடத்தில் நடந்ததை அண்ணனிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். பவியிடம் அதுவும் சொல்லவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

மதினி கட்டடம் வரைகிறாள், நாத்தனார் அதில் குறை கண்டுபிடிக்கிறாள் என்று வீட்டில் நம்மைக் கேலி செய்வார்கள். என் பிழைப்பே அதுதானே. கட்டடத்தைத் திறப்பதற்கு முன் தண்ணீர், மின்சாரம், நெருப்பு, காற்று என்று எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்து, இனி ஆட்கள் குடியிருக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது. தொழிலில் இதைக் கமிஷனிங் என்கிறோம். வரைபடம் போடுகிற நாளிலிருந்தே சோதிக்க ஆள் வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகம் கேட்டது. நாம் உறவுக்காரர்கள் என்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிட்டு, வத்தலக்குண்டு வீட்டின் சாப்பாட்டு மேசையில் உங்கள் தாள்களுக்கு எதிரே நானும் உட்கார்ந்தேன்.

வெந்நீரில்தான் நமக்குள் முதல் சண்டை வந்தது. மலையில் காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் போய்விடும். மேகம் இறங்கிவிட்டால் சோலாரை நம்ப முடியாது. அதனால் கேஸ் கீசர் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கேஸ் எரிகிற இடத்தில் காற்று போதாவிட்டால் ஒரு நச்சுப்புகை உண்டாகும். அது கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் கிடையாது. குளியலறைச் சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று கம்பெனிக்காரர் சொன்னதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் பென்சிலைக் கீழே வைத்தீர்கள்.

"அந்தக் குளிர்ல எந்தப் புள்ள சன்னலத் தெறந்து வச்சுக் குளிக்கும்? சாத்தத்தான் செய்யும். சாத்துவாங்கன்னு நெனச்சே கட்டுவோம்."

அப்படித்தான் குளியலறைகளுக்குப் பின்னால், கட்டடத்தின் வெளிப்புறமாக, அந்தக் குறுகிய நடைவழி வந்தது. கீசர்கள் எல்லாம் அதில். அதன் வெளிச்சுவர் நெடுக, காற்று புகுந்து போகிற துளைகள். புகை வந்தாலும் மலைக்காற்று வாரிக்கொண்டு போய்விடும். நான் அதில் குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. உங்களுக்கு அன்று எவ்வளவு சந்தோஷம்.

முதல் மாடித் தளம் போட்ட நாளில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினீர்கள். மருந்தில் முடியெல்லாம் கொட்டியிருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கட்டடத்தைப் பார்க்கவில்லை.

இனி நீங்கள் அறியாதது.

நீங்கள் போன பிறகும் கட்டடம் எழும்பிக்கொண்டுதான் இருந்தது. மரணத்துக்காக எந்த வேலை நிற்கிறது? வர்ணம் பூசி, கட்டில் போட்டு, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். நான் போவதற்கு முதல் நாளே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கீசர்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, வெந்நீர் வருகிறது என்று முடித்திருந்தார்கள். மறுநாள் காலை நான் போய், முழுச் சோதனை வேண்டும் என்று கேட்டேன். வளாகத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை.

"அதான் நேத்தே வெந்நி வந்துச்சே மேடம். இன்னும் என்ன பாக்கணும்?"

"எல்லாப் புள்ளைகளும் ஒரே நேரத்துல கதவு சன்னலச் சாத்திட்டுக் குளிச்சா என்ன ஆகும்னு பாக்கணும் சார்."

அன்று காற்றே இல்லை. கீழே பூண்டு வயல்கள் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கி நின்றது. எல்லோரையும் மாடியிலிருந்து இறங்கச் சொன்னோம். கட்டட ஒப்பந்தக்காரரின் இன்ஜினியர் முருகேசனும் நானும் எல்லாச் சன்னல்களையும் சாத்தினோம். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டோம். புகையை அளக்கிற மீட்டரை என் கோட்டுப் பையில் மாட்டிக்கொண்டு, அறைகளுக்கு இடையே உள்ள வராந்தாவில் நான் நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மீட்டர் மெல்ல ஒலித்தது. எண் ஏறியது. கருவியில் கோளாறு என்று முதலில் நினைத்தேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன். புது வர்ணத்தின் வாசனை, ஈரச் சிமெண்டின் வாசனை, வேறு எதுவும் இல்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை மதினி. கண்ணுக்கு எதிரே எதுவுமே இல்லை, ஆனால் அது அங்கே இருக்கிறது.

கேஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். முருகேசன் ஓடிப்போய் நிறுத்திவிட்டு, சன்னல்களைத் திறந்துகொண்டே சத்தம் கொடுத்தார்.

"ஏலே, மேல எவனும் இருக்கீங்களா? வெரசா எறங்குங்க."

பதில் வரவில்லை. ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தோம். ஆனாலும் ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசி அறையில் புஷ்பம் இருந்தாள்.

புஷ்பத்தை உங்களுக்குத் தெரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பெண். துப்புரவு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள். விழாவுக்குள் அறைகளைத் துடைத்து முடிக்க வேண்டும் என்று, நாங்கள் சோதனையில் இருப்பதை யோசிக்காமல், அதிகாரியின் ஆட்கள் அவளைப் பின்படி வழியாக அனுப்பியிருக்கிறார்கள். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் துணி அப்படியே இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள், சத்தம் வரவில்லை.

நானும் முருகேசனுமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வெளியே புல்லில் போட்டதும் வாந்தி எடுத்தாள். ஜீப்பில் அவள் தலை என் மடியில் கிடந்தது. வளைவுக்கு வளைவு, "புஷ்பம், தூங்காத. என்னப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்த பிறகு டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"அந்த பில்டிங்ல வேற யாராச்சும் தூங்கிட்டு இருந்தாங்களா? நல்லாப் பாத்தீங்களா?"

சாயங்காலம் புஷ்பத்துக்குப் பேச்சு வந்தது. "தலய வலிச்சிச்சுக்கா. வெறும் வயித்துல வந்ததாலயாக்கும்னு நெனச்சேன். சித்த ஒக்காந்தா சரியாப் போயிரும்னு ஒக்காந்தேன். அப்பறம் எந்திரிக்கத் தோணவே இல்ல."

எந்திரிக்கத் தோணவே இல்லை. படுக்கையில் கிடக்கிற ஒரு மாணவியும் அப்படித்தானே நினைத்திருப்பாள்? தலைவலி, கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும் என்று.

திரும்பி வந்து நடைவழியைப் பார்த்தேன். நீங்கள் வரைந்த அத்தனை துளைகளையும் உள்ளிருந்து தடித்த பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே போக வழியில்லாத புகை, குழாய்கள் நுழைகிற சந்துகள் வழியாக அறைகளுக்குள் வந்திருக்கிறது. அதற்கு முந்தைய முறை நான் மலையேறியபோது அது அங்கே இல்லை. முருகேசன் தலை நிமிரவே இல்லை.

"மழை சாய்ச்சு அடிச்சு கீசர் அணைஞ்சு அணைஞ்சு போச்சு மேடம். ஆபீஸ்ல மூடச் சொன்னாங்க, போன வாரம் மூடிட்டோம். அந்தம்மா இருந்திருந்தா ஒரு போன் போட்டுக் கேட்டிருப்போம்."

அந்தம்மா இருந்திருந்தா. உங்களை இழந்ததில் இப்படி ஒரு இழப்பும் இருக்கிறது என்று யார் நினைத்தார்கள்? ஏன் அந்தத் துளைகள் என்று தெரிந்த ஆள் இல்லாமல் போனதும் அது வெறும் ஓட்டைச் சுவர் ஆகிவிட்டது.

அதிகாரியின் அறையில் நடந்ததையும் சொல்கிறேன். திறப்பு விழாவைத் தள்ளிவைக்க முடியாது என்றார். பிள்ளைகள் ஊரிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். சன்னலைத் திறந்தே வைக்கவும் என்று அறைக்கு அறை போர்டு மாட்டிவிடலாம் என்றார். நான் கையெழுத்துப் போட முடியாது என்றேன். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது.

"வரஞ்சது உங்க மதினிதான? மழ உள்ள வர்ற மாதிரி வரஞ்சு வச்சிருக்காங்க. அவங்க தப்ப மறைக்கத்தான எங்க மேல போடுறீங்க?"

அவர் சொன்னதில் பாதி பொய். பாதி உண்மை மதினி. அந்தச் சுவர் மேற்குக் காற்றைப் பார்த்து நின்றது. பருவமழை அதில் நேராக அடித்தது. நீங்கள் இருந்திருந்தால் முதல் மழையிலேயே பார்த்துத் திருத்தியிருப்பீர்கள். நீங்கள் இல்லை.

"ஆமா சார், மழ வந்தது வரைபடத்துக் குறைதான். அத நானே எழுதித் தர்றேன். ஆனா அத மூடுனதுல ஒரு பொம்பள சாகப் பாத்தா. இப்படியே ஒரு புள்ளையக்கூட உள்ள விட முடியாது. மீறித் தெறந்தீங்கன்னா துணைவேந்தர்கிட்டயே போய்ச் சொல்லுவேன்."

வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்து அழுதேன். இனி திருப்பிப் பேச முடியாத உங்களை அவர் முன்னால் விட்டுக்கொடுத்துவிட்டேனோ? உங்களுக்கு என் மேல் கோபமா?

விழா தள்ளிப்போயிற்று. பிள்ளைகளைப் பழைய கட்டடத்தில் நெருக்கிப் படுக்க வைத்தார்கள். பிளாஸ்டிக்கைப் பிடுங்கி எறிந்து, மழை வழுக்கி விழுந்து காற்று மட்டும் நுழைகிற மாதிரி சாய்வான பலகைகள் வைத்தோம். ஒவ்வொரு கீசரிலிருந்தும் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோனோம். அறைகளில் அபாய மணி வைத்தோம். நடைவழியில் காற்று குறைந்தால் கேஸ் தானாகவே நின்றுவிட ஒரு வால்வு. பிறகு வேண்டுமென்றே தார்ப்பாயால் அத்தனையையும் மூடி ஓட்டிப் பார்த்தோம். வால்வு கேஸை நிறுத்தியது. மீட்டர் பேசவே இல்லை.

அப்போது புஷ்பம் படியில் நின்றிருந்தாள். "இப்ப உள்ள போலாமாக்கா?" என்று கேட்டாள்.

"போலாம் புஷ்பம். மீட்டர்ல ஒண்ணுமே காட்டல."

"அன்னிக்கு எனக்கும்தான் ஒண்ணுமே காட்டல" என்றாள். உள்ளே வரவில்லை. பிற்பாடு கேட்டுக்கொண்டு சமையற்கூட வேலைக்கு மாறிக்கொண்டாள். அவளை யார் குறை சொல்ல முடியும்?

நான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் குடிவந்தார்கள். அதன்பிறகு வேறு ஊர், வேறு கட்டடம் என்று என் சோலி என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

இந்த வருடம் பவிக்கு அங்கே இடம் கிடைத்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ பாத்து விட்ட கட்டடந்தான. அனுப்பலாமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லு."

யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ உறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டவள், நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றேன். அப்படியானால் அந்தக் கையெழுத்து என்ன கையெழுத்து? அந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை.

யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் வெள்ளனே மலையேறினேன். வார்டன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் வராந்தாவில் மீட்டரோடு நடந்தேன். நீங்கள் சொன்னது சொன்னபடி இருந்தது. ஒரு சன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஓர் அறையில் குளிர் வருகிறது என்று காற்றுத் துவாரத்தில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அந்த அறைக்குள் போய் நின்றேன். மீட்டர் பூஜ்யத்திலேயே இருந்தது. அது போதாமல் வெகுநேரம் அங்கேயே நின்றேன். ஈரத் தலையோடு ஒரு பெண், "யாரத் தேடுறீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

இறங்கி வந்து அண்ணனிடம், "அனுப்புங்க" என்றேன்.

பவி ஒரே குதியாகக் குதித்தாள். "அம்மா வரஞ்ச ரூம்ல தூங்கப் போறேன் அத்த" என்றாள். நான் அவள் பெட்டியில் துணி அடுக்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தினமும் குளித்து முடித்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போட வேண்டும் என்பது என் கட்டளை. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அத்தையின் பைத்தியங்களில் ஒன்று என்று போடுகிறாள். அது வரும்வரை நான் காப்பிகூடக் குடிப்பதில்லை.

இன்று அது வரவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். வார்டன் போனும் எடுக்கவில்லை. என் கண்ணுக்குள் புஷ்பம் போலவே சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், கையில் துணி இருக்கிறது, அந்த முகம் பவியின் முகம். செருப்பைக்கூட மாட்டாமல் கார்ச் சாவியோடு வாசலுக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் போன் அடித்தது.

"அத்த, இன்னிக்கு ஞாயித்துக்கிழம. இன்னும் எந்திரிக்கவே இல்ல." கொட்டாவி கேட்டது. பிறகு, "ஏன் அத்த இப்படி மூச்சு வாங்குது ஒங்களுக்கு?"

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்தேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பயம் போகாது மதினி, அது எனக்குத் தெரிகிறது. ஆனால் பவிக்குத் தெரியாமல் இதை நான் மட்டும் சுமந்துகொண்டிருப்பதும் சரியில்லை. விவரம் தெரிந்த ஆள் இல்லாத கட்டடத்தில் என்ன நடக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டேனே. வரும் வாரம் மலையேறுகிறேன். அவளை அந்த நடைவழிக்குக் கூட்டிப்போய், எது எதற்காக அங்கே இருக்கிறது என்று காட்டப் போகிறேன். புஷ்பத்தைச் சொல்வேன். உங்கள் சுவரில் மழை வந்ததையும் சொல்வேன். அபாய மணி அடித்தால் முதலில் தோழிகளை எழுப்பு, பெட்டியைத் தேடாதே என்று சொல்வேன். என் கால் ஓடுகிறவரை ஒவ்வொரு பனிக்காலமும் அங்கே போய், எல்லாக் கதவையும் சாத்திப் பார்ப்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் மகள் உறங்கும்போது விழித்திருக்கும்,
உங்கள் நாத்தனார்
சாந்தி